கடிக்காத வீட்டு நாய் செத்துப்போனாலும் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா?

போட வேண்டும், அதுவும் இன்றைக்கே. எல்லோரும் இல்லை, சிலர்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: நாய் சில நாளாகச் சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகியது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அப்பா வாயைத் திறந்து பார்த்தார், நேற்று செத்துவிட்டது. குட்டியில் ஒரு ஊசி போட்டதோடு சரி. யாரையும் கடிக்கவில்லை, அப்புறம் எதற்கு ஊசி என்று அப்பா ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். வீட்டில் பூனையும் உண்டு. வேறு குட்டி எப்போது கொண்டுவரலாம்?

கடிக்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த வாயைத் திறந்து பார்த்ததுதான்.

வெறிநோய் என்றதும் தெருவில் ஓடி வந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கடிக்கும் நாய்தான் நம் நினைப்பில் வரும். சத்தமில்லாத வகை ஒன்றும் உண்டு. அதில் நாய் பாய்வதில்லை, மூலையில் முடங்கிவிடும், கீழ்த்தாடை தொங்கிவிடும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும், பின்னங்கால் இழுக்கும். பார்க்கிறவருக்கு எலும்பு சிக்கின மாதிரியேதான் தோன்றும். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். டைகர் என்று கன்னி இனக் கலப்பு நாய், கறுப்பு, புருவத்துக்கு மேலே இரண்டு செம்பொட்டு. குரைப்பு கம்மிப்போய் கிழட்டுச் சேவல் கூவுவது மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர்ச் சட்டிக்குள் மூக்கை விட்டபடி நிற்கும், ஒரு வாய் இறங்காது. பெரியப்பா "ஏல, எலும்பு சிக்கிருக்குடே, டார்ச்ச அடி" என்று வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவினார். சித்தி பீடி சுற்றுகிறவர். இலை வெட்டுகிற கத்தரி பட்டுப் பட்டு விரல் நுனியில் எப்போதும் கீறல் இருக்கும், அந்தக் கையாலேயே கஞ்சியை வாயோரத்தில் ஊற்றி, வழிந்ததைத் துடைத்தும் விட்டார். கால்நடை டாக்டர் வண்டியை நிறுத்தின இடத்திலிருந்தே நாயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "வாய்க்குள்ள யார் யாரு கை விட்டீய?" மறுநாள் டைகர் போய்விட்டது.

கிருமி இருப்பது எச்சிலில். கடித்தால்தான் என்றில்லை, எச்சில் பட்ட இடத்தில் கீறலோ புண்ணோ இருந்தால் போதும், கண், உதடு, வாய்க்குள் பட்டாலும் அப்படித்தான். அங்கிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும், பெரும்பாலும் 1 முதல் 3 மாதம், சிலருக்கு ஒரு வாரத்துக்குள், அபூர்வமாக ஒரு வருடம் தாண்டியும். மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அதற்கு முன்னால் ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டால் தப்பித்துவிடலாம். "பத்து நாள் நாயைக் கவனிங்க" என்று யாராவது சொல்வார்கள், அது உயிரோடு இருக்கிற நாய்க்கு, அதிலும் ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். செத்த நாயை வைத்து எதைக் கவனிப்பது?

நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி வந்துவிடும். அதனால் கடைசிப் பத்துப் பதினைந்து நாளை எல்லோரும் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். யார் மாத்திரை கொடுத்தது, யாருக்கு நகம் பட்டது, யார் முகத்தை நக்கியது. பிள்ளைகளிடம் "ஏச மாட்டேன், சொல்லு" என்று தனியாகக் கேளுங்கள், திட்டு விழும் என்று மறைத்துவிடுவார்கள். சும்மா தடவிக் கொடுத்தவர்கள், சோறு வைத்தவர்கள், காயமில்லாத தோலில் மட்டும் எச்சில் பட்டவர்கள் பயப்பட வேண்டாம். எங்கள் தெருவில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்கள்கூட ஊசிக்குக் கிளம்பினார்கள்!

கீறல் இருந்தால் இப்போதாவது சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், தாமதம் என்று விட்டுவிட வேண்டாம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, பச்சிலை எதுவும் கூடாது. ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அங்கே சொல்லும்போது வார்த்தையில் கவனம் தேவை. ஓரிடத்தில் எங்களை "கடிக்கலைல்லா, பின்ன என்னத்துக்கு?" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். "நோயில் செத்த நாயின் எச்சில் புண்ணில் பட்டது" என்று அப்படியே சொல்லுங்கள். டாக்டர்கள் கணக்கில் இது மூன்றாம் வகை, கடித்துக் குதறினதற்குச் சமமாகத்தான் வைத்தியம். தடுப்பூசியோடு, புண் இருக்கிற இடத்தில் இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தும் போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை காவலுக்கு இது. முதல் தடுப்பூசியோடு போடுவது நல்லது, அந்த முதல் ஊசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் போடமாட்டார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அது இல்லையென்றால் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, போய்விடுங்கள்.

தடுப்பூசி தோலுக்குள் போடுவதென்றால் இன்று, 3, 7, 28-ம் நாள், இரண்டு கையிலும் ஒவ்வொன்று. தனியார் ஆஸ்பத்திரியில் சதையில் போட்டால் 14-ம் நாளும் சேர்த்து ஐந்து. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆச்சி "தொப்புளச் சுத்திப் பதினாலு போடுவானே" என்று அழுதே விட்டாள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை 2000-களின் நடுவிலேயே நம் நாட்டில் நிறுத்தியாயிற்று. 28-ம் நாள் ஊசியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

அப்பா வரமாட்டேன் என்கிறாரே, அது வெறும் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்தது நமக்கு நோய் கொடுத்திருக்கும் என்று ஒத்துக்கொள்ள மனசு வராது. பெரியப்பாவும் "டைகர் எனக்குக் கெடுதல் பண்ணாது" என்று திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாதான், "டைகருக்கு உங்க மேல பாசம் இருந்துச்சு அத்தான், கிருமிக்கு இருக்காதுல்லா" என்று சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். உங்கள் அப்பாவிடம் ஏன் வாயைத் திறந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், பட்டினி கிடக்கிற நாயைப் பார்த்து யாருக்கும் கை சும்மா இருக்காது.

இன்னும் புதைக்கவில்லை என்றால் ரப்பர் கையுறை போட்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். நோய் இதுதானா என்று உறுதிசெய்ய மூளையைச் சோதிக்க வேண்டும். புதைப்பதற்கு முன்னால் கால்நடை டாக்டரிடமோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுப் பாருங்கள், நீங்களாக எதையும் அறுக்க வேண்டாம், முடிவு வரட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். படுத்திருந்த சாக்கை எரித்துவிட்டு இடத்தைச் சோப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் போதும். வெயில் பட்டாலும் காய்ந்துபோனாலும் இந்தக் கிருமி நிற்காது. பூனையைத் தனியாக அடைத்து வைத்து, அதற்கு ஊசி போட்டிருக்கிறதா இல்லையா என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

புதுக் குட்டியை உங்கள் ஊசியெல்லாம் முடிந்து, பூனை விஷயத்தில் டாக்டர் சரி என்ற பிறகு கொண்டுவாருங்கள். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருடா வருடம். குட்டியில் போட்ட ஒரே ஊசி நாயின் ஆயுசுக்கும் காணாது.