மறைந்துபோன ரயில் நிலையம், தண்டவாளம் போன்றவற்றைப் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துத் தேடியிருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்?

தேடியிருக்கிறேன். ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தது, நாலு வருஷம் இழுத்தது. எனக்கு ஊர் போடிநாயக்கனூர். ஆனால் நான் தேடியது போடி ஸ்டேஷனை இல்லை. எங்கள் ஊருக்கு மேற்கே, மலைக்கு மேல் ஓடி, 1924 வெள்ளத்தில் அடியோடு போன மூணாறு ரயிலை.

தூண்டிவிட்டது அப்பத்தா. அவர் பிறந்தது மலையடிவாரத்தில், கொட்டகுடியில். மேற்கே கறுத்தால் போதும், "டாப்பு டேசன்ல மழ புடிச்சிருச்சு" என்பார். சரிவில் பாதி வழியில் இருக்கும் இடத்துக்கு அவர் வாயில் "சென்ட்ரலு". இரண்டு இடத்திலும் தண்டவாளம் கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது. மூணாறிலிருந்து அந்தப் பக்கம் போகிற பஸ் போர்டில் இன்றைக்கும் டாப் ஸ்டேஷன் என்றுதான் எழுதியிருக்கும். பேர் நிற்கிறது, ஸ்டேஷனைத்தான் காணோம். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய குழப்பம்.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணன் தேவன் மலையின் தேயிலையை வெளியே கொண்டுபோக 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று போட்டார்கள். யூயிங் முறை என்று பேர். சின்னச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஓடும்; வண்டி சாய்ந்துவிடாமல் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டில் உருண்டு வரும். இழுத்தது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, சின்ன நீராவி எஞ்சின் விட்டார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் முழுப் பேர். நடுவில் மாட்டுப்பட்டி, பாலார் என்று நிறுத்தங்கள். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் மாட்டிவிட்டால் 5 கி.மீ. கீழே கொட்டகுடியில் வந்து இறங்கும். அங்கிருந்து போடிக்கு 15 கி.மீ., மாட்டு வண்டியில். 1924 ஜூலையில் மலை முழுக்க வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். ரயில் அதோடு சரி.

வரைபடத்திலிருந்து ஆரம்பித்தேன். இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓரங்குலத் தாள்கள், அதாவது ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற அளவில் அச்சானவை, இந்த மாதிரித் தேடலுக்கு உயிர். இப்போது வரும் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று தாள்களைத் துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பழையதுக்குத்தான் நூலகம் நூலகமாக அலைய வேண்டும். சில வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பழைய இந்திய வரைபடங்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட இரண்டரை லட்சத்துக்கு ஒன்று வரிசை இருக்கிறது. அளவு சின்னது, ஆனால் பாதை எந்தத் திசையில் போனது என்று பார்க்க அதுவே போதும்.

என் கஷ்டம் வேறு. மூணாறும் டாப் ஸ்டேஷனும் 58 எஃப்/4 என்ற தாளில் வருகின்றன. போடி பக்கத்துத் தாளில், 58 எஃப்/8-இல். இரண்டையும் பிரிக்கிற கோடு 77 பாகை 15 கலை (நிமிடம்) தீர்க்கரேகை. டாப் ஸ்டேஷன் அந்தக் கோட்டுக்கு அரைக் கிலோமீட்டர் மேற்கே, தாளின் விளிம்பில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. ரயில் முடிந்து ரோப்வே தொடங்குகிற இடம், எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டிய அதே இடம், இரண்டு தாள்களின் மடிப்பில். ஒரு தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் தேடும் ஊர் தாளின் ஓரத்தில் விழுந்தால் அக்கம்பக்கத் தாள்களையும் சேர்த்தே வாங்குங்கள்.

போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் மலை பாதி திருவிதாங்கூர், பாதி மெட்ராஸ் மாகாணம். டாப் ஸ்டேஷன் இன்றைக்குத் தேனி மாவட்டம், மூணாறு இடுக்கி மாவட்டம். அதனால் பதிவுகளும் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கின்றன. மெட்ராஸ் பக்கத்தில் தேடினால் ரோப்வேயின் வால் கிடைக்கும், திருவிதாங்கூர் பக்கத்தில் தேடினால் ரயிலின் தலை கிடைக்கும்.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கோடுகளை இல்லை, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிற வருஷங்களை. அளந்த வருஷம் ஒன்று, அச்சிட்ட வருஷம் இன்னொன்று. 1905-இல் அளந்த தாளை 1930-இல் மறுபடி அச்சிட்டிருந்தால், இல்லாத ரயில் அதில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் போடி பாதையே இதற்கு நல்ல உதாரணம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-இல், தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1954-இல் திரும்ப வந்தது. 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள், 2023-இல் மறுபடி ரயில் வந்தது. ஒரே பாதை, தாளின் வருஷத்தைப் பொறுத்து இருக்கும், இருக்காது, இருக்கும்.

எனக்கு நன்றாக உறைத்ததும் இந்த வருஷக் கணக்கில்தான். மூணாறு தேயிலை கொட்டகுடி வழியாகப் போடிக்கு வந்து, போடியில் ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் வருஷங்களை ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். மலை ரயில் 1924-இல் போய்விட்டது. போடிக்கு ரயில் வந்தது 1928-இல். நாலு வருஷ இடைவெளி! மேலே ரயில் ஓடியபோது கீழே ரயிலே இல்லை, கீழே ரயில் வந்தபோது மேலே தண்டவாளமே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. அப்படியானால் தேயிலைப் பெட்டி போடியோடு நின்றிருக்க முடியாது. 1875-இலிருந்து இருந்த மதுரை–திண்டுக்கல் பாதையை, இன்றைக்குக் கோடை ரோடு என்கிற அம்மையநாயக்கனூரையோ மதுரையையோ, வண்டி மாடுகள்தான் நடந்து பிடித்திருக்க வேண்டும். போடி வண்டிக்காரர்களின் உழைப்பை நாம் ரயில் கணக்கில் எழுதிவிட்டோம் என்பது என் கட்சி.

சரி, புகைப்படங்களுக்கு வருகிறேன். இங்கேதான் ஏமாறுவது சுலபம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிற படத்தை "மூணாறு ரயில்" என்று யாரோ குழுவில் போட, நான் ஒரு வருஷம் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தேன். அது பாட்டியாலா. பஞ்சாபில் 1907 முதல் 1927 வரை ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயிலும் இதே யூயிங் முறைதான். அதன் எஞ்சின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாறில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி இழுத்தது மாடு என்பதை நினைத்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். எஞ்சின் தெரிகிறதா, அப்படியானால் கீழே இரண்டு தண்டவாளம் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதா, மாடு எங்கே? இந்தக் கேள்வி ஒன்றே பாதிப் படங்களைக் கழித்துவிடும். மிச்சத்தில் ஒற்றைத் தண்டவாளம் தெரிந்தால் 1902-க்கும் 1908-க்கும் நடுவே, இரட்டை என்றால் 1924-க்குள்.

இன்னொரு சோதனை, தண்டவாளத்தின் அகலம். இரண்டடி என்பது வெறும் 61 செ.மீ. ஊட்டி ரயிலுக்கு ஒரு மீட்டர். படத்தில் தண்டவாளத்தை ஒட்டி யாராவது நின்றால் அந்த அகலத்தை ஸ்கேலில் அளந்து, அவர் காலடியிலிருந்து மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். முழங்காலுக்குச் சற்று மேலே முடிந்தால் இரண்டடிப் பாதை. இடுப்பைத் தொட்டால் அது மீட்டர் கேஜ், வேறு ஊர்ப் படம். ஆள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது முக்கியம். பத்தடி தள்ளி நிற்பவரை வைத்து அளந்தால் கணக்கு உதைக்கும்.

இடத்தைக் கண்டுபிடிக்க நான் நம்புவது கட்டடத்தை இல்லை, பின்னால் தெரிகிற மலையின் விளிம்பை. கூரை மாறும், மரம் வளரும், ஆற்றின் போக்கே மாறும். மலை முகடு நூறு வருஷத்தில் எங்கும் போகாது. பழைய படத்தை டிரேசிங் பேப்பருக்கு அடியில் வைத்து முகட்டை மட்டும் பென்சிலால் இழுத்தேன். அந்தத் தாளைக் கையில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூணாறில் ரோட்டோரமாக முன்னும் பின்னும் நடந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "என்ன தம்பி, நிலம் வாங்கப் போறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ரயில் ஸ்டேஷனைத் தேடுகிறேன் என்றதும் சிரிக்காமல் கையை நீட்டி, "அந்தா, கம்பெனி ஆபீசு. அதான் டேசனு" என்றார். உண்மைதான். அன்றைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம்தான் பிற்பாடு தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது. பக்கத்தில் அலுமினியம் பாலம் என்று சொல்கிற பாலம் இருக்கிறதே, அது ரயில் பாலமாக இருந்து ரோட்டுப் பாலமானது. டிரேசிங் தாள் காட்டிய இடமும் அவர் கை காட்டிய இடமும் ஒன்றாகவே வந்தன. கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

நல்லதண்ணியில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கும் போங்கள். பழைய படங்களோடு அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். படத்தில் எவ்வளவு பார்த்தாலும் வராத ஒரு அளவு உணர்வு அந்த இரும்புக்கு முன்னால் நிற்கும்போது வருகிறது.

செயற்கைக்கோள் படத்தின் மேல் பழைய தாளைப் போர்த்திப் பார்க்கிற வேலை இப்போது கூகுள் எர்த்தில் சுலபம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டுப்பட்டி, குண்டளை என்று இரண்டு அணைகள், இரண்டும் ரயில் போன பிறகு வந்தவை. இப்போது ஏரியாகத் தெரிகிற இடம் அப்போது ஓடைக்கரை. தண்ணீரை வைத்துப் பொருத்தினால் எல்லாம் கோணலாகும். நான் மலை உச்சிகளை வைத்துப் பொருத்தினேன்.

வெள்ளத்துக்கப்புறம் ஏன் திரும்பப் போடவில்லை என்று பலர் கேட்கிறார்கள். என் யூகம்: அடுத்த பத்து வருஷத்தில் காற்று கொச்சி பக்கம் திரும்பிவிட்டது. 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறந்து, மூணாறிலிருந்து ஆலுவா பக்கம் லாரியில் இறங்க வழி வந்தது. கீழே போடிக்குத் தேயிலையைத் தள்ள வேண்டிய அவசியம் குறைந்தது.

அப்புறம் அந்த ஸ்டேஷன் பேர்கள். டாப், சென்ட்ரல், பாட்டம் (அதாவது கொட்டகுடி) என்று மூன்றும் ஒரே சரிவில் மேலிருந்து கீழாக வரிசையாக விழுகின்றன. வரைபடத்தில் பார்த்தால் ரயில் கிழக்கே வந்து மலை விளிம்போடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தான இறக்கம், எந்த ரயிலும் இறங்காது. அதனால் சென்ட்ரலும் பாட்டமும் ரயில் ஸ்டேஷன்களே இல்லை, ரோப்வேயின் ஸ்டேஷன்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். குரங்கணியிலிருந்து அந்தப் பக்கம் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால் வனத்துறை அனுமதி வாங்காமல் போகாதீர்கள். 2018 காட்டுத்தீ எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கடைசியாக ஒன்று. 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலுக்கும் போடிக்கும் நேரடி ரயில் விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, "அப்பத்தா, இனிமே போடியில ஏறுனா நேரா சென்ட்ரல்ல எறங்கிக்கலாம்" என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்புட்டு மேடு ரயிலு ஏறுமாடா?"