வாரண்டி முடிந்த பின் பழுதான கியர்பாக்ஸ்: பிரிப்பதற்கு முன் யோசியுங்கள்

கேள்வி: சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கிய ஆட்டோமேட்டிக் காருக்கு மூன்று ஆண்டு வாரண்டி இருந்தது. அது முடிந்த நான்காம் மாதத்தில் கியர்பாக்ஸ் அடியோடு செயலிழந்து, குழந்தைகளுடன் இரவில் நடுவழியில் நின்றோம். குறைந்த வேகத்தில் வண்டி உதறுகிறது என்று வாரண்டிக் காலத்திலேயே மூன்று முறை புகார் சொன்னேன். முதல் முறை வாய்மொழிதான். அடுத்த இரண்டு முறையும் ஜாப் கார்டு (சர்வீஸ் பதிவுத் தாள்) போட்டார்கள். இரண்டாவது ஜாப் கார்டு வாரண்டி முடிவதற்கு ஐந்து மாதம் முந்தையது. ‘சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்பட்டது, குறை காணப்படவில்லை’ என்று எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமாம். செலவு வண்டியின் இன்றைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. சர்வீஸ் மேலாளர், ‘ஓட்டத் தெரியாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்’ என்று பலர் முன்னிலையில் சொன்னார். தயாரிப்பு நிறுவனமோ, ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டால் உதிரிபாக விலையில் பாதியை ஏற்பதாகச் சொல்லிப் பதினைந்து நாள் அவகாசம் தந்திருக்கிறது. எனக்குப் புதிய காரும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துச் சென்று கியர்பாக்ஸைப் பிரித்து, உற்பத்திக் குறை என்று எழுதி வாங்கி வழக்குத் தொடரலாமா?

பதில்: கூடாது. வழக்குத் தொடர்வதைப் பிறகு பார்ப்போம். அந்த கியர்பாக்ஸை உங்கள் மெக்கானிக்கும் பிரிக்கக் கூடாது, அவர்களும் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பிரிக்கக் கூடாது. மற்றவற்றை இதற்குப் பிறகு படியுங்கள்.

நடுவழியில் நின்ற இரவும் மேலாளரின் சொல்லும் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது புரிகிறது. ஆனால் இவை உங்கள் வழக்கின் முடிவை மாற்றப் போவதில்லை. வாரண்டி முடிந்து நான்கே மாதம்தான் ஆகிறது என்பதும் சட்டத்தின் முன் ஒரு வாதமே இல்லை. நான்கு நாள் ஆகியிருந்தாலும் முடிந்தது முடிந்ததுதான். உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அந்த இரண்டு ஜாப் கார்டுகள். வாரண்டிக்குப் பின் ஒரு பாகம் பழுதாவது ஒன்று. வாரண்டிக்குள் எழுதிக் கொடுத்த புகாரைச் சரிசெய்யாமல் திருப்பி அனுப்பி, அதே குறை முற்றிப்போய்ப் பாகம் செயலிழப்பது வேறு. இரண்டாவது வகையில், நிறுவனம் தன் கடமையில் தவறிய நாள் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே விழுகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு என்ற வரையறைக்குள் அதைக் கொண்டுவர முடியும். அந்த ஜாப் கார்டுகள் இல்லாமல் வந்திருந்தால், பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துச் செல்லுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

எனவே முதலில் அந்த இரண்டு தாள்களையும் எடுத்து, வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘குறைந்த வேகத்தில் உதறல்’ என்று இருந்தால் நல்லது. ‘பொதுப் பரிசோதனை’ என்று மட்டும் இருந்தால் உங்கள் நிலை பெரிதும் பலவீனமாகிறது. அப்போது சர்வீஸ் ஆலோசகருக்கு அன்று அனுப்பிய குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் உரையாடலோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அப்படி ஏதேனும் கிடைத்தால், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி தேவைப்படும் என்பதால் அந்தக் கைபேசியை மாற்றிவிடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்ன முதல் புகாரை மறந்துவிடுங்கள்.

புதிய கார் கிடைக்காது. வாரண்டி ஒப்பந்தம் குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் கடமைப்படுத்துகிறது என்ற அடிப்படையில், வாகனத்தையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2006இலேயே ஏற்க மறுத்திருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடிய வண்டிக்கு அந்தக் கோரிக்கையை வைத்தால், நியாயமான கோரிக்கையும் சேர்ந்து மிகைப்படுத்தலாகத் தெரியும். 2019 நுகர்வோர் சட்டத்தில் பொருட்பொறுப்பு (பொருளின் குறையால் விளையும் தீங்குக்கான பொறுப்பு) என்று ஓர் அத்தியாயமே இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அந்த அத்தியாயத்தில் ‘தீங்கு’ என்பதற்குப் பிரிவு 2(22) தரும் வரையறை, பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தையும் பொருளாதார இழப்பையும் வெளிப்படையாக விலக்குகிறது. அன்றிரவு யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தால் அது வேறு வழக்கு. கியர்பாக்ஸ் செலவுக்கு அந்த வழி திறக்காது.

இனி, என்னிடம் வந்த பலர் சிக்கிய இடத்துக்கு வருகிறேன். குறை இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கியர்பாக்ஸ் மூடிய நிலையில் இருக்கும் வரை அதுவே உங்கள் முதன்மைச் சான்று. எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமல் பிரித்த மறுநிமிடம், ‘பிரித்தவர்தான் கெடுத்தார்’ என்று அவர்கள் சொல்வதற்கு நீங்களே இடம் கொடுத்துவிடுகிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர், உங்களைப் போலவே கோபத்தில், வெளிப் பட்டறையில் கியர்பாக்ஸைப் பிரித்து, தேய்ந்துபோன கிளட்ச் தட்டுகளைப் புகைப்படம் எடுத்து, மெக்கானிக்கிடம் கடிதமும் வாங்கிக்கொண்டு வந்தார். எண்ணெய் வடித்து ஊற்றப்பட்டுவிட்டது. அதில் கலந்திருந்த உலோகத் துகள்களும் அதனுடன் போய்விட்டன. பழைய பாகங்கள் இரும்புக் கடைக்குப் போயிருந்தன. நிபுணரை நியமிக்கும்படி நாங்கள் மனுப் போட்டபோது, எதைப் பரிசோதிப்பது என்று நுகர்வோர் ஆணையம் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவருடைய குறை உண்மையானது என்று இன்றும் நம்புகிறேன். ஆனாலும் வழக்குத் தோற்றது.

குறையைப் பரிசோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாதபோது ஆணையமே ஆய்வுக்கு அனுப்பலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(2)(c) சொல்கிறது. கார் வழக்குகளில் அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நிபுணராக நியமிப்பதைப் பார்த்திருக்கிறேன். பொருள் அப்படியே இருந்தால்தான் இந்தப் பிரிவுக்கு வேலை. எதிர்த்தரப்பு இல்லாத இடத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதம், அவர் எத்தனை கைதேர்ந்த மெக்கானிக்காக இருந்தாலும், இதற்கு ஈடாகாது.

பிரிப்பதற்கு முன், தயாரிப்பு நிறுவனம், டீலர் இரு தரப்புக்கும் ஒரே மின்னஞ்சலில், எந்த நாளில், யார் முன்னிலையில் பிரிக்கப்படும் என்று கேட்டு எழுதுங்கள். இருவரையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டினாலன்றி அதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பேட்டரியைக் கழற்றுவதற்கும் பிழைக் குறியீடுகளை அழிப்பதற்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேதியுடன் அச்சிட்டு வாங்குங்கள். கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவாகியிருக்கும் அந்தக் குறியீடுகள் சில சமயம் எந்த நிபுணரைவிடவும் தெளிவாகப் பேசும். பிரிக்கும்போது நீங்கள் சொல்லும் ஒரு பொறியாளர் உடனிருக்கட்டும். கியர்பாக்ஸின் வரிசை எண் தெரியும்படி தொடர் வீடியோ எடுக்கட்டும். எண்ணெயில் இரண்டு மாதிரிகள் முத்திரையிடப்படட்டும். பழைய கியர்பாக்ஸைத் திரும்பப் பெறுவதாகக் கணக்கிட்டே புதியதன் விலை சொல்லப்படுவது இந்தத் தொழிலில் உண்டு. அப்படியானால் பழையது அன்றே லாரி ஏறிவிடும். பிரச்சினை தீரும் வரை அது முத்திரையிட்டு வைக்கப்படும் என்று எழுத்தில் வாங்காமல் மாற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. அதுவும் இதே அளவு நாசம் செய்யும். சான்றைக் காப்பாற்றுகிறேன் என்று வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பது. சட்டம் மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஆகும். நீங்கள் வென்றாலும், எதிர்த்தரப்பு 45 நாட்களுக்குள் பாதித் தொகையைக் கட்டி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செல்லலாம். அதற்குள் டயரும் பேட்டரியும் போய், துரு ஏறி, காப்பீடு காலாவதியாகி, கடன் தவணை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இழப்பைக் குறைக்க வழி இருந்தும் பயன்படுத்தாமல் விட்டதை இழப்பீட்டைக் கணக்கிடும்போது பார்க்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73இன் விளக்கம். ஓடாத காருக்காக வாடகை வண்டிச் செலவை ஆண்டுக்கணக்கில் கேட்பவருக்கு ஆணையம் அதை அப்படியே கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆய்வு முடிந்ததும் வண்டியைச் சரிசெய்து ஓட்டுங்கள்.

சரிசெய்த பிறகு பணத்தைத் தராமல் அழுத்தம் கொடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170, உழைப்பும் திறனும் செலுத்தி வேலை செய்தவருக்கு, கூலி வரும் வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ‘ஆட்சேபத்துடன், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். எஸ்டிமேட்டை மொத்தமாக ஏற்காமல் வரிவரியாக ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்குக் கூலி கேட்பது அவர்களுக்கு எளிதாக இருக்காது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்: இடையில் வெளியே சர்வீஸ் செய்தீர்களா? செய்திருந்தால், கியர்பாக்ஸில் தவறான எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதே அவர்களின் முதல் தற்காப்பாக இருக்கும். வெளிப் பட்டறைக்குப் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை முழுவதுமாக மறுக்கக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு எதிரான உத்தரவில் சொன்னது. அந்த உத்தரவு பிறகு மேல்முறையீடுகளைச் சந்தித்தது. ஆகவே அதை நம்பி இறங்குவதைவிட, எண்ணெயின் தரம் எழுதிய பில் உங்கள் கையில் இருப்பது மேல்.

இப்போது அந்தக் கடிதம். ‘பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில்’ என்ற வாசகம் இருந்தால் இருக்கட்டும். அதனால் உங்களுக்கு நட்டமில்லை. ‘வாகனத்தில் உற்பத்திக் குறை ஏதும் இல்லை என்பதை ஏற்கிறேன்’ என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று இருந்தால், கையெழுத்திட்ட அன்றோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணியே கையெழுத்திடுங்கள். அவசரத்தில், கட்டாயத்தின்பேரில் கையெழுத்திட்டேன் என்று பல மாதம் கழித்து வருபவர்களுக்கு, உடனடியாக எழுதிய ஆட்சேபம் ஏதும் இல்லையென்றால், என்னால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. வண்டியை எடுக்கும்போது நீட்டப்படும் ‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள், ஆனால் இந்த நிபந்தனைகளில் வேண்டாம். வழக்கில் முழுதாக வென்றாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பழுதுச் செலவு, ஓரளவு வட்டி, மிதமான இழப்பீடு, வழக்குச் செலவில் ஒரு பகுதி. அதற்கு நிபுணர் கட்டணமும் சில ஆண்டுகளும் விலை. பாதி விலையை ஏற்க முன்வந்த நிறுவனம் அந்த இரண்டு ஜாப் கார்டுகளையும் ஏற்கெனவே படித்திருக்கும் என்றே நினைக்கிறேன். எனவே பேரம் பேச இடமிருக்கிறது. உதிரிபாக விலை முழுவதையும் அவர்கள் ஏற்க, வேலைக் கூலியை நீங்கள் கொடுப்பதாகக் கேளுங்கள். முக்கால் பங்குக்கு இறங்கிவந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். விலையைவிட முக்கியமாக, புதிய கியர்பாக்ஸுக்குக் குறைந்தது ஓராண்டு வாரண்டி, கூலியும் சேர்த்து, எழுத்தில் வேண்டும். அது இல்லாவிட்டால் இதே செலவை இரண்டாம் முறை செய்யும் நிலையில் கையெழுத்திட்ட கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். அந்த வாரண்டியை மறுத்தால் மட்டும் கையெழுத்திடாதீர்கள்; பழுதுச் செலவையும் நியாயமான இழப்பீட்டையும் மட்டும் கோரி வழக்குத் தொடருங்கள்.

பேச்சுவார்த்தை நீண்டால் காலவரம்பை மறக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 69இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. கியர்பாக்ஸ் நின்ற நாளிலிருந்து என்று நீங்கள் சொல்வீர்கள்; இரண்டாவது ஜாப் கார்டு நாளிலிருந்து என்று அவர்கள் சொல்வார்கள். நம் வாதமே அந்த ஜாப் கார்டின் மேல் நிற்பதால், பாதுகாப்பான கணக்கு அவர்களுடையதுதான். அதன்படி ஒன்பது மாதம் போய்விட்டது. நோட்டீஸ் அனுப்பிக்கொண்டும் மின்னஞ்சலுக்குப் பதில் எதிர்பார்த்துக்கொண்டும் இருப்பதால் அந்த இரண்டு ஆண்டு நீளாது. தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம் என்றாலும் அது ஆணையத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது.

நிறுவனம் தந்த பதினைந்து நாளில் எத்தனை நாள் போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. மேலே சொன்ன நிபந்தனைகளைச் சேர்த்து, ‘சம்மதம் தரும் வரை கியர்பாக்ஸைப் பிரிக்கக் கூடாது’ என்ற வரியை முதலில் வைத்து, இதைப் படித்த அன்றே இரு தரப்புக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதற்கு முன் தொலைபேசியில் அவர்கள் எதைக் கேட்டாலும், ‘எழுத்தில் பதில் தருகிறேன்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல வேண்டாம்.