இரண்டு லட்சம் ஏன் வரவில்லை?

கேள்வி: ஜாவா புரோகிராமில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). ஒரே 'கவுண்ட்' மாறியில் ஒவ்வொன்றும் லட்சம் முறை 'கவுண்ட்++' (ஒன்று கூட்டல்) செய்கிறது. இரண்டும் முடிந்த பிறகுதான் விடையை அச்சிடுகிறேன். 2,00,000 வரவேண்டும், ஒருமுறை 1,34,871 வருகிறது, அடுத்தமுறை 1,52,006. கவுண்ட்டுக்கு 'வாலடைல்' என்ற குறிச்சொல் போட்டும் சரியாகவில்லை. என் லேப்டாப்பில் கோளாறா?
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: லேப்டாப்பைத் திட்டாதீர்கள், பாவம். 'கவுண்ட்++' பார்வைக்கு ஒரு வேலை, உள்ளே மூன்று. எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. கவுண்ட் இப்போது 41 என்று வையுங்கள். முதல் த்ரெட் 41-ஐ எடுக்கிறது. அது கூட்டி வைப்பதற்குள் இரண்டாவதும் அதே 41-ஐ எடுத்துவிடுகிறது. இரண்டுமே 42 என்று வைக்கின்றன. கூட்டியது இருமுறை, ஏறியது ஒன்று. ரொம்ப மோசமான வரிசையில் நடந்தால் கடைசியில் வெறும் 2 கூட வரலாம். (எப்படி என்று தாளில் போட்டுப் பாருங்கள், ஒரு சாயங்காலம் போய்விடும்.)

வாலடைல், கடைசியாக எழுதிய மதிப்பைக் கண்ணில் காட்டும், அவ்வளவுதான். நடுவில் இன்னொருவர் நுழைவதைத் தடுக்காது. உங்களுக்கு அட்டாமிக் இன்டிஜர் போதும், எடுத்துக் கூட்டி வைப்பதை நடுவில் யாரும் நுழையாதபடி ஒரே வேலையாகச் செய்யும். 2004-ல் வந்த ஜாவா 5-லிருந்தே இருக்கிறது. பல மாறிகள் சேர்ந்து மாறவேண்டும் என்றால் சிங்க்ரனைஸ்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு. ஆனால் இருவரும் ஒரே பூட்டைப் பிடிக்கவேண்டும். ஆளுக்கொரு பூட்டைப் போட்டுவிட்டு, "பூட்டியும் திருட்டுப் போகிறதே" என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய.

நானும் மாட்டியவன்தான். ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் எழுதிக் கொடுத்தேன். இருப்பைப் படித்து, புரோகிராமில் 1 கழித்து, டேட்டாபேஸில் திரும்ப எழுதும். தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் ஒரே ரக வேட்டிக்கு பில் போட்டார்கள். வேட்டி இரண்டு போனது, இருப்பில் ஒன்றுதான் குறைந்தது. ராத்திரி சரக்கு எண்ணும்போது கணினியில் இருந்த வேட்டி அலமாரியில் இல்லை. முதலாளி சேல்ஸ் பையனைச் சந்தேகப்பட்டார். எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் 'இருப்பு 0-க்கு மேல் இருந்தால் 1 கழி' என்று ஒரே அப்டேட் கட்டளையாக டேட்டாபேஸிடமே விட்டேன். டேபிளில் ஒரு வரியும் மாறவில்லை என்று டேட்டாபேஸ் சொன்னால் புரோகிராம் பில் போடாது.

சரி, உங்கள் புரோகிராமில் லட்சத்தைப் பத்தாக்கி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 20 சரியாக வரும், இரண்டாவது த்ரெட் கிளம்புவதற்குள் முதலாவது முடித்துவிடுவதால். அப்படி ஒரு 20-ஐ நம்பித்தான் நான் அந்தக் கடைக்குப் போனேன்.