ரெண்டு பகடை போதும், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். லீவுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அண்ணன் தம்பி பிள்ளைகள் நாலு பேர் வருகிறார்கள், 9 வயதிலிருந்து 13 வரை. வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பேசிப் பேசியே விளையாடுகிற கதை ஆட்டம்தான் வேண்டுமாம். காரைக்குடியில் ஒருவர் மூன்று புத்தகம், பகடைப் பெட்டி, இரண்டு நாள் பயிற்சி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் என்றிருக்கிறார். ஆச்சி 1,000 முன்பணமும் கொடுத்தாயிற்று. புத்தகத்தைப் புரட்டினால் தலை சுற்றுகிறது, எனக்கு நடத்த வருமா, எளிய விதி எதுவும் இல்லையா என்று கேட்கிறார்.

வரும் ஆச்சி. மீதிப் பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் காட்டியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்களாகத்தான் இருக்கும். 1974-ல் வந்த ஆட்டம், இந்த வகைக்கெல்லாம் மூத்தது. இன்றைக்கு மூன்று புத்தகமும் சேர்ந்தால் ஆயிரம் பக்கத்துக்கு மேல். நல்ல ஆட்டம்தான், ஆனால் நாலு பிள்ளைகளை வளவில் உட்கார வைத்து நடத்த அது தேவையில்லை. அடுத்த வருஷமே, 1975-ல், கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர் இதெல்லாம் சிக்கல் என்று சொல்லி, வீட்டில் கிடக்கிற ஆறுமுகப் பகடையை மட்டும் வைத்து டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்று ஒன்றைச் செய்துவிட்டார். அதாவது உங்கள் கேள்வி ஐம்பது வருஷப் பழைய கேள்வி.

இப்போது விதி. லூடோ பெட்டியிலிருந்து ரெண்டு பகடை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ஆளுக்கும் வலு, சாமர்த்தியம், பேச்சு என்று மூன்று குணம். ஒன்றுக்கு 2, ஒன்றுக்கு 1, ஒன்றுக்கு 0. உருட்டி வந்த கூட்டுத்தொகையோடு, செய்யப் பார்க்கிற காரியத்துக்கு ஏற்ற குணத்தின் எண்ணைச் சேருங்கள். 10-ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடந்தது. 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் கூடவே ஒரு வம்பு வரும். 6-ம் அதற்குக் கீழும் வந்தால் நீங்கள் சொல்வதுதான், அடியோ ஆபத்தோ. 2010-க்குப் பிறகு வந்த பல ஆட்டங்கள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

அந்த நடு எண்தான் ஆட்டத்துக்கே உயிர். போன மாதம் என் வீட்டில் திருடன் வேஷத்துப் பெண் ஒருத்தி பெட்டகத்தின் பூட்டைத் திறக்கப் பார்த்தாள், 8 விழுந்தது. திறந்துகொண்டது, ஆனால் மூடி கிறீச்சிட்டதில் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் தூங்கிய பூதம் புரண்டு படுத்தது. நாலு பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஆயிரம் பக்கத்தில் எந்த அட்டவணையும் அந்த நிமிஷத்தைக் கொடுக்காது. இன்னொன்று, எல்லாவற்றுக்கும் உருட்டச் சொல்லாதீர்கள். தோற்றால் ஏதாவது கெடும் என்கிற இடத்தில் மட்டும் போதும்.

உயிர்க்கணக்குக்கு ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை, அடிபட்டால் குறையும். பூதத்துக்கும் அப்படியே, அதற்கு நீங்கள் தனியாக உருட்டவே வேண்டாம். பிள்ளைக்கு 6-ஓ அதற்குக் கீழோ வந்தால் பூதம் அடித்தது என்று அர்த்தம். கொட்டை தீர்ந்தால் சாவு கிடையாது, மயக்கம். மற்றவர்கள் தூக்கிச் சுமக்கட்டும்.

வீட்டில் பகடை இல்லை, அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டைதான் இருக்கிறது என்றால் அதிலும் ஆடலாம். ஆனால் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் எல்லோரும் சொதப்புகிறார்கள். ஒரு கட்டையில் 0, 1, 2, 3, அதனால் ரெண்டையும் உருட்டினால் 16 விதமாக விழும். 5-ம் மேலும் முழு வெற்றி, 3-ம் 4-ம் நடு, 2-ம் கீழும் தோல்வி என்று வையுங்கள். குணத்துக்கு 2 கொடுக்கக் கூடாது, ஒரே ஒரு குணத்துக்கு 1, மற்ற ரெண்டும் 0. இல்லாவிட்டால் 16-ல் 11 தடவை முழுசாக ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ரெண்டும் வெறுமையாக விழுந்தால் தாயத்தில் 12 இல்லையா, இங்கேயும் 12 என்றே விடுங்கள், 16-ல் ஒரு தடவைதான் விழும், பிள்ளைகள் கத்தட்டும். ஆனால் தாயம் விழுந்தால் இங்கே அது வெறும் 1, தோல்வி. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாயம் ஆடிப் பழகிய பிள்ளை தாயம் போட்டுவிட்டுத் தோற்றால் அழுதுவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பயிற்சிக்காரர் விஷயம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை அதன் நிறுவனமே 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அப்படி இலவசமாகக் கிடைப்பதை அச்சடித்து ஸ்பைரல் போட்டு என் தலையில் 1,800 ரூபாய்க்குக் கட்டினார் ஒருவர். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. "சான்றிதழ் பெற்ற கேம் மாஸ்டர்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கதை நடத்தச் சான்றிதழ் எதற்கு? இவர்கள் பிழைப்பதற்குக் காரணமும் இருக்கிறது. கடைக்குப் போய் ஒரு எளிய விதிப்புத்தகத்தைத் தமிழில் வாங்கலாம் என்றால் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. சரி, நாமே பள்ளியில் சொல்லிக்கொடுப்போம் என்று ஒரு பள்ளிக்குப் போனால் பகடையைப் பார்த்ததுமே சூதாட்டம் என்று வாசலோடு அனுப்பினார்கள். எண்ணும் கூட்டலும் பேச்சும் இவ்வளவு சந்தோஷமாக வேறெங்கே வரும் என்று கேட்க ஆளில்லை.

முன்பணத்தை இன்றைக்கே கேளுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் பேசியது இருந்தால் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வளவில் தடுக்கு விரித்து உருட்டச் சொல்லுங்கள், ஆத்தங்குடிக் கல்மேல் நேராகப் பித்தளைக் கட்டையைப் போட்டால் கல் சில்லு பெயர்ந்துவிடும்.