தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டு எல்லைக்குக் குடிவருகிறோம். தமிழ்வழிப் பள்ளியின் அறிவிப்புகளை எப்படித் தெரிந்துகொள்வது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு பார்த்திருப்பதாகவும், பிள்ளைகள் இருவரையும் தமிழ்வழி அரசுப் பள்ளியில் சேர்க்கப் போவதாகவும், வீட்டில் யாருக்கும் மலையாள எழுத்து தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துக்காரி. என் பிள்ளைகளும் இங்கே தமிழ்வழியில்தான் படித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருந்திருக்கிறேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில், தயங்காமல் சேருங்கள். கொழிஞ்சாம்பாறை இருக்கும் இந்தச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. இந்தத் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காட்டின் மற்ற பகுதிகள் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தன. 1956-ல் எல்லாம் சேர்ந்து கேரளம் ஆனபோது நாங்கள் இடம் பெயரவில்லை, மாநிலம்தான் மாறியது. எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டி எங்கே போனாலும் கடையில், பஸ்ஸில், வயலில் தமிழ்தான் காதில் விழும்.

ஆனால் பள்ளியை நடத்துவது கேரளப் பொதுக்கல்வித் துறை. அறிவிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பாலக்காடு வருவாய் மாவட்டத்துக்கு மேலதிகாரி டி.டி.இ. என்னும் கல்வித் துணை இயக்குநர். அவருக்குக் கீழே பாலக்காடு, ஒற்றப்பாலம், மண்ணார்க்காடு என்று கல்வி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.இ.ஓ., அதாவது மாவட்டக் கல்வி அதிகாரி. அதற்குக் கீழே உபஜில்லா என்னும் துணை மாவட்டம், அங்கே ஏ.இ.ஓ. என்னும் உதவிக் கல்வி அதிகாரி. உங்கள் பிள்ளை ஏழாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் படித்தால் அந்தப் பள்ளி ஏ.இ.ஓ.வின் கீழ். உங்களுக்கு அது சித்தூர் ஆபீஸ். உயர்நிலைப் பள்ளி என்றால் டி.இ.ஓ. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு அட்டவணை, தேர்வு முடிவு எல்லாம் திருவனந்தபுரத்திலுள்ள பரீட்சா பவன் என்னும் தேர்வு அலுவலகத்திலிருந்து வரும். மழை விடுமுறை மட்டும் கல்வித் துறை கையில் இல்லை, மாவட்ட கலெக்டர் அறிவிப்பார்.

இந்த மழை விடுமுறையில்தான் எல்லையோரக் குடும்பங்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன. வீட்டில் ஓடுவது தமிழ் செய்திச் சேனல். 'கோவை மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று கீழே எழுத்து ஓடும். அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. அதேபோல பாலக்காட்டில் விடுமுறை விட்ட நாளில் கோவைச் செய்தியில் ஒன்றும் வராது, பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பூட்டிய கேட்டு முன்னால் நிற்கும். எனவே பாலக்காடு கலெக்டரின் பேஸ்புக் பக்கத்தை இன்றே பின்தொடருங்கள். பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலமோ இரவோ போடுவார்கள். மாவட்டம் முழுவதுக்குமா, சில தாலுகாக்களுக்கு மட்டுமா என்று கவனித்துப் பாருங்கள். முன்பே தேதி குறித்த தேர்வுகளுக்கு மாற்றம் இல்லை என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அதையும் விடாதீர்கள். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். நம் வாசலில் வெயில் அடிக்கும்போதே அட்டப்பாடியிலும் நெல்லியாம்பதியிலும் கொட்டித் தீர்க்கும். வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

விடுமுறைக் கணக்கும் மாறும். ஓணத்துக்குப் பத்து நாள் விடுவார்கள், அதற்கு முன் ஓணப் பரீட்சை. அடுத்தது கிறிஸ்துமஸ் பரீட்சை, மார்ச்சில் ஆண்டுத் தேர்வு, ஏப்ரல் மே விடுமுறை, ஜூனில் பிரவேசனோத்சவம் என்னும் வரவேற்பு விழாவோடு பள்ளி திறக்கும். தமிழ்நாட்டுக் காலாண்டு விடுமுறையை நினைத்து ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பொங்கலுக்குத் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு என்ற ஆறு மாவட்டங்களுக்கு அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. ஒரே ஒரு நாள்தான். பொள்ளாச்சியில் உங்கள் அண்ணன் வீட்டில் மாட்டுப் பொங்கல் வைக்கும்போது இங்கே இரண்டாவது பீரியடு நடந்துகொண்டிருக்கும். எந்தத் தேதிக்கு விடுமுறை என்பதை ஜனவரி முதல் வாரத்திலேயே பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மொழிக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிரே அதுதான்.

இங்குள்ள பெற்றோரில் பலருக்கு மலையாளம் பேசினால் நன்றாகப் புரியும். எழுத்துத்தான் தெரியாது. மேலிருந்து வரும் சர்க்குலர் மலையாளத்தில் வரும். வகுப்பு வாட்ஸாப் குழுவில் அதை அப்படியே போட்டுவிடுவார்கள். நாற்பது பேர் பார்த்ததாகக் காட்டும், படித்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள் என்று பிறகு பேச்சு வரும்போது எனக்கு மனசு ஆறாது. விடிகாலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஒரு தாய்க்குத் தெரியாத எழுத்தில் செய்தி அனுப்பிவிட்டு, அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம்.

நாங்கள் கேட்டு வாங்கிய வழி ஒன்று உண்டு. எந்தச் சர்க்குலர் போட்டாலும் அதன் கீழே வகுப்பாசிரியர் அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் தமிழில் போட வேண்டும்: என்ன விஷயம், யாருக்கு, கடைசித் தேதி எது, என்ன காகிதம் கொண்டுவர வேண்டும். இவ்வளவு போதும். தமிழ்வழி டீச்சருக்கோ மாஷுக்கோ (ஆண் ஆசிரியரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இது சிரமமே இல்லை, கேட்டால் செய்வார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும். பி.டி.ஏ. என்னும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது அடுத்த வருஷம் டீச்சர் மாறினால் போய்விடும், எழுதியது நிற்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதி பெண்கள். உங்கள் மனைவியோ நீங்களோ அதில் சேருங்கள்.

அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதலாமா என்று சந்தேகம் வரும். தாராளமாக எழுதலாம். அரசியலமைப்பின் 350-வது பிரிவு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லி எந்த அதிகாரிக்கும் மனு கொடுக்க உரிமை தருகிறது. 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. அதற்கும் மேலே, கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்கிறது. இதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். மனுவின் முதல் பத்தியில் மரியாதையாகக் குறிப்பிட்டு, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

அதுவரை கைபேசி உதவும். அறிவிப்பைப் படமாக எடுத்துக் கூகுள் லென்ஸில் காட்டினால் ஓரளவு தமிழில் தரும். தேதியும் தொகையும் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆபீஸ் பெயர்களையும் திட்டப் பெயர்களையும் கன்னாபின்னாவென்று மாற்றிவிடும், ஆகவே விண்ணப்ப விஷயம் என்றால் ஒருமுறை டீச்சரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். முடிந்தால் மலையாள எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். கேரள அரசின் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் 'பச்ச மலையாளம்' என்ற சான்றிதழ்ப் படிப்பே நடத்துகிறது. எழுத்து பிடிபட்டுவிட்டால் பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்தவையாகத்தான் இருக்கும்.

எல்லா அறிவிப்பையும் துரத்த வேண்டியதில்லை. விளையாட்டு விழா தேதி தவறினால் ஒன்றும் ஆகாது. தவறவே கூடாதவை இரண்டு.

ஒன்று, எட்டாம் வகுப்பில் வரும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் அரசு, எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி மாணவர்களுக்கானது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருஷத்துக்கு 48,000, நம் ஊர்க் கூலிக் குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. இதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அக்ஷயா என்னும் அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீஸிலிருந்து வரும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் தேதி போய்விடும். பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போன உடனேயே ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சரிபார்த்து வையுங்கள். தேர்வான பின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கவும் வேண்டும். ஜெயித்த பிள்ளைகளும் இந்த இடத்தில் பணத்தைக் கோட்டை விடுவது உண்டு.

இரண்டாவது பிளஸ் ஒன் சேர்க்கை. தமிழ்நாட்டில்போல நேராகப் பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்கிச் சேர்த்துவிட முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் ஏகஜாலகம் என்ற ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிகளையும் பாடப் பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி கொடுக்க வேண்டும். முதலில் ட்ரயல் அலாட்மென்ட், அதாவது மாதிரி இட ஒதுக்கீடு வரும், தவறு இருந்தால் அப்போதே திருத்தலாம். அப்புறம் முதல், இரண்டாம், மூன்றாம் அலாட்மென்ட், அதற்குப் பின் மீதி இடங்களுக்குச் சப்ளிமென்டரி. அலாட்மென்ட் கிடைத்தும் சொன்ன நாட்களுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் போய்விடும். முதல் விருப்பம் கிடைத்தால் நிரந்தரமாகச் சேர வேண்டும். கீழ் விருப்பம் கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். 'அது நாம் கேட்ட பள்ளி இல்லையே' என்று சேராமல் வீட்டில் இருந்துவிடுவதுதான் ஆபத்து. தமிழை இரண்டாம் மொழியாக எடுக்க எந்தெந்த மேல்நிலைப் பள்ளியில் வசதி இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு நடக்கும்போதே விசாரித்து, வரிசையில் அவற்றை மேலே வையுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. வரை கேள்வித்தாள் தமிழிலும் வருகிறது, பிள்ளை சிரமமின்றி எழுதிவிடும். பிளஸ் ஒன்னில் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறுவதால் அந்த முதல் ஆறு மாதம் பிள்ளைக்குத் துணையாக நில்லுங்கள்.

புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கு 2024-லும், 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கு 2025-லும் பாடநூல் மாறிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பழைய புத்தகம் தருவதாகச் சொன்னால் எந்த வருஷத்தியது என்று பாருங்கள். தமிழ்ப் புத்தகம் வரத் தாமதமானால் கல்வித் துறையின் சமக்ரா இணையதளத்தில் தமிழ்வழிப் பாடநூல்கள் பி.டி.எஃப்.பாக இருக்கின்றன.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது சேர்க்கை. தமிழ்நாட்டுப் பள்ளியில் டி.சி. வாங்கும்போது பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சம்பூர்ணா என்ற மென்பொருளில் ஏற்றிய பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். டி.சி. வரத் தாமதம் என்றாலும் எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக்கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவில் அது இருக்கிறது.

எப்படியாவது ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டிவிஷன் (வகுப்புப் பிரிவு), எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகும். தமிழ்வழி வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துவரும் பள்ளியில் இரண்டு பெயர் கூடுவதால் ஒரு தமிழ் டீச்சர் வேறு பள்ளிக்கு மாற்றப்படாமல் இருக்கலாம். ஜூலையில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் உங்கள் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.