சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுமுன்: கேள்வி பதில்

விசா கையில் இருக்கிறது. வருகை அட்டை என்று வேறு ஏதோ சொல்கிறார்களே?

இரண்டும் வேறு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். அதற்கு மேல் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் (ICA) தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகள் அங்கே குடித்தனம். கருவாடு, கசகசா, மட்டன் ஊறுகாய் கொண்டுபோகலாமா?

கருவாடு போகலாம் அம்மா, மீன் வகை எல்லாம் சேர்த்து 5 கிலோ வரை. வாசனை வெளியே வராமல் கட்டுங்கள். இறைச்சி எந்த நாட்டிலிருந்து வரலாம் என்பதற்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள், அதனால் மட்டன் ஊறுகாயை வீட்டிலேயே விடுங்கள். கசகசாவை நம் அஞ்சறைப் பெட்டிச் சாமானாக நினைக்கிறோம். அங்கே போதைப்பொருள் ஒழிப்புத் துறையின் பார்வையில் வரும் பொருள் அது. ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.

சிகரெட் ஒரு பாக்கெட்? சூயிங் கம்?

சிகரெட்டுக்கு வரிச்சலுகை அறவே கிடையாது. 2020 ஜூலையிலிருந்து சின்னம், வண்ணம் இல்லாத வெற்று உறைதான் அங்கே செல்லும், நம் ஊர் பாக்கெட் செல்லாது. குட்கா, மெல்லும் புகையிலை, மின்சிகரெட் எல்லாம் தடை. சூயிங் கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை?

மூன்று மாதத்துக்கு மேல் போகாத அளவு மட்டும், மருந்துச் சீட்டோடு, கடை உறையிலேயே வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு மருந்தையும் அளவையும் பொறுத்து முன்அனுமதி வேண்டும். கிளம்புமுன்பே சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தில் (HSA) விண்ணப்பியுங்கள்.

தெரிந்தவர் ஒரு பார்சல் கொடுத்து, சாங்கி விமான நிலையத்தில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார் என்கிறார். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது.

தம்பி, வாங்காதே. இந்த ஒரு பதிலுக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன். 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே மரண தண்டனை. பை உன் கையில் இருந்தால் உள்ளே இருப்பது உன்னுடையது, என்னவென்று உனக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உன் பாடு. ஊறுகாய் ஜாடியோ, புடவைப் பெட்டியோ, சீல் வைத்து வந்தால் இன்னும் மோசம். உறவு கெட்டால் பிறகு பேசிச் சரிசெய்யலாம். கொடுத்தவர் மனம் கோணட்டும், பரவாயில்லை.

நகை போட்டுக்கொண்டு போகலாமா? திரும்பும்போது தங்கம் வாங்கி வந்தால்?

சொந்த நகைக்குத் தடையில்லை. விலை அதிகமானால் புறப்படும்போதே நம் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது அது உங்கள் பழைய நகை என்பதற்கு அதுதான் சாட்சி. அங்கே புதிதாக வாங்குவது வேறு கதை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்குத்தான் நகைக்கு வரிச்சலுகை. ஒரு வாரச் சுற்றுலாவுக்குக் கிடையாது.

ரொக்கம்?

20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் என்றால் அங்கே அறிவிக்க வேண்டும். அந்த ஊர்ச் சட்டத்தில் கொண்டுபோவது குற்றமில்லை, சொல்லாமல் போவதுதான் குற்றம்.

பெட்டியில் இருப்பது சரியா, தப்பா என்று அங்கே போய்த்தான் சந்தேகம் வந்தால்?

சுங்கத்தில் அறிவிக்க ஏதாவது இருப்பவர்களுக்கான வழி ரெட் சேனல், ஒன்றும் இல்லாதவர்களுக்கு கிரீன் சேனல். ரெட் சேனலில் போய் நீங்களே கேளுங்கள். வரி இருந்தால் கட்டிவிட்டு வெளியே வரலாம். கிரீன் சேனலில் நுழைந்தபின் பெட்டியைத் திறக்கச் சொன்னால், சொல்லாமல் மறைத்ததாகிவிடும்.