லீவுக்கு எல்லாரும் வீட்ல கூடும்போது சூடா மசாலா போட்ட பழ ஜூஸ் கசக்காம செய்யறது எப்படி?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: வீட்டுக்கு பதினஞ்சு பேர் வர்றாங்க, ஆப்பிள் ஜூஸ்ல பட்டை, கிராம்பு, ஆரஞ்சு துண்டெல்லாம் போட்டு அடுப்புல வச்சா முதல் ரவுண்டு நல்லா இருக்கு, நேரம் ஆக ஆக கசப்பு ஏறுது, கிராம்பு வாசனை மட்டும் தூக்கலா நிக்குது, இதை எப்படி சரி பண்றதுன்னு.

முதல்லயே சொல்லிடறேன், மசாலாவையும் ஜூஸையும் ஒண்ணா கொதிக்க விடாதீங்க. மசாலாவை தனியா தண்ணில போட்டு டிகாஷன் இறக்கிக்கோங்க, ஜூஸை தனியா சூடு மட்டும் பண்ணுங்க, பரிமாறறதுக்கு கொஞ்சம் முன்னாடி ரெண்டையும் கலந்துக்கோங்க, அவ்ளோதான். முக்காவாசி ரெசிபில எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு சிம்ல ஒரு மணி நேரம் வைன்னு இருக்கும், நாலு பேருக்கு செஞ்சு உடனே குடிச்சு முடிக்கறதா இருந்தா அது ஓகே. கூட்டத்துக்கு அது சரிப்படாது, ஏன்னா ஆளுங்க ஒரே நேரத்துல வரமாட்டாங்க, பாத்திரம் ரெண்டு மூணு மணி நேரம் சூட்டுலயே கிடக்கும், உள்ள இருக்கற கிராம்பும் ஆரஞ்சு தோலும் அவ்ளோ நேரமும் சாறை விட்டுக்கிட்டே இருக்கும், நாம நிறுத்துன்னா அது நிக்காது.

காரணம் ரொம்ப சிம்பிள். பட்டை ஒரு மரப்பட்டை, அன்னாசிப்பூ காஞ்ச காய், ரெண்டும் கெட்டி. அதுலேர்ந்து வாசனை இறங்க நல்ல சூடும் நேரமும் வேணும். ஆப்பிள் ஜூஸ்ல இருக்கற அந்த புது பழ வாசனை அதுக்கு நேர் எதிர், ரொம்ப லேசு, கொதி வந்தா முதல்ல ஆவியோட போறது அதுதான். அது போயிட்டா மிஞ்சறது இனிப்பும் புளிப்பும் ஒரு ஜாம் வாசனையும்தான். ஒண்ணுக்கு நீண்ட சூடு வேணும், இன்னொண்ணு நீண்ட சூட்டை தாங்காது, ரெண்டையும் ஒரே பாத்திரத்துல அடைச்சா ஏதோ ஒண்ணு கெடத்தான் செய்யும்.

இப்ப டிகாஷன். ரெண்டரை லிட்டர் ஜூஸுக்கு 400 மில்லி தண்ணி, விரல் நீளத்துல மூணு பட்டை, எட்டு கிராம்பு, ரெண்டு அன்னாசிப்பூ, கட்டைவிரல் சைஸ் இஞ்சி தோல் சீவி வட்டமா நறுக்கினது, அஞ்சாறு மிளகு. ஏலக்காய் பிடிக்கும்னா நாலு காயை லேசா தட்டி போடலாம், ஆனா அன்னாசிப்பூவும் ஏலக்காயும் ரெண்டுமே சத்தமா பேசற வாசனை, நானா இருந்தா ஒண்ணை மட்டும் வச்சுப்பேன். இஞ்சியை தவிர மத்ததை வெறும் வாணலில சின்ன தீயில ஒரு நிமிஷம் சூடு காட்டுங்க, வாசனை மூக்குக்கு வந்த உடனே எடுத்துடணும், கிராம்பு கருகினா அந்த கசப்பு தண்ணில இறங்கி கடைசி வரைக்கும் போகாது.

அப்புறம் தண்ணி ஊத்தி கொதி வந்ததும் தீயை குறைச்சு மூடி போட்டு இருபது நிமிஷம். மூடி கட்டாயம் போடணும், இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. இந்த மசாலா வாசனை எல்லாமே எண்ணெய், தண்ணில பாதியும் கரையாது, நீராவியோட சேந்து மேல கிளம்பிடும், மூடி இருந்தா மூடில பட்டு திரும்ப சொட்டும். செய்யும்போது வீடே மணக்குதுன்னு சந்தோஷப்படுவோம், வீடு மணக்கற அளவுக்கு டம்ளர்ல கொறையுதுன்னு அர்த்தம்.

இருபது நிமிஷம் கழிச்சு மூடியை திறந்து பாருங்க, தண்ணி செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும், சுருண்டு இருந்த பட்டை ஓரத்துல விரிஞ்சு கொடுத்திருக்கும், கிராம்பு ஊதி கனமா இருக்கும், சாய்ச்சு பாத்தா மேல மெல்லிசா எண்ணெய் மினுமினுப்பு தெரியும். அப்ப வடிகட்டி மசாலாவை தூக்கி போட்டுடுங்க. அளவு 300 மில்லி கிட்ட வரும். ஒரு ஸ்பூன் தனியா எடுத்து நக்கி பாத்தா காரமா, லேசா நாக்கு மரத்துப்போற மாதிரி இருக்கும், அது கிராம்புல இருக்கற யூஜினால் வேலை, பல்வலிக்கு கிராம்பு வைக்கறதும் அதுக்குத்தான். தனியா குடிக்க முடியாத அளவுக்கு ஸ்ட்ராங்கா இருந்தாதான் ஜூஸ்ல கலந்தா சரியா இருக்கும். இதை முந்தின நாளே செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம், ஆளுங்க வர்ற அன்னிக்கு அடுப்படில நிக்கற வேலை பாதி கொறையும்.

பொடி போடலாமான்னு கண்டிப்பா யாராவது கேப்பீங்க. வேண்டாம். பட்டைப் பொடி கரையாது, சூடான தண்ணில ஊறி வழவழன்னு ஆகி டம்ளர் அடில சேறு மாதிரி படியும், துணில வடிகட்டினாலும் முழுசா போகாது.

பட்டைல ரெண்டு வகை இருக்கு. கெட்டியா, ஒரே சுருளா, கையால உடைக்க கஷ்டமா இருக்கறது காசியா. மெல்லிசா நிறைய அடுக்கு சுருண்டு, அழுத்தினா நொறுங்கறது சிலோன் பட்டை. இந்த மாதிரி ட்ரிங்குக்கு காசியா நல்ல பஞ்ச் கொடுக்கும், சிலோன் பட்டை மென்மையா, இனிப்பா இருக்கும். காசியால கூமரின்னு ஒண்ணு அதிகமா இருக்கு, தினமும் நிறைய எடுத்தா கல்லீரலுக்கு நல்லது இல்ல, அதனால இதை தினசரி பழக்கமா குடிக்கறவங்க சிலோனுக்கு மாறிக்கலாம், வருஷத்துக்கு ரெண்டு மூணு விசேஷத்துக்கு செய்யறவங்க இதுக்காக கவலைப்பட வேண்டியதில்ல.

ஜூஸ் வாங்கும்போது லேபிளை பாருங்க, நூறு சதவீதம் ஜூஸ்னு இருக்கணும், ஜூஸ் ட்ரிங்க்னு போட்டதெல்லாம் சர்க்கரை தண்ணி, சூடு பண்ணா வெறும் பாகு மாதிரி இருக்கும். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கறதை விட கலங்கலா வர்ற ஆப்பிள் ஜூஸ்தான் இதுக்கு நல்லது, பழத்தோட சதை கொஞ்சம் இருக்கறதால வாய்ல ஒரு கனம் வரும். சர்க்கரை சேக்கவே வேண்டாம், ஆப்பிள் ஜூஸ்ல 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இயற்கையாவே இருக்கு. இன்னொரு விஷயம், இனிப்பு சூட்டுல அதிகமா தெரியும், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து குடிக்கும்போது அளவா இருந்த அதே ஜூஸ் சூடு பண்ணா திகட்டும். அதனாலதான் டிகாஷன் வழியா தண்ணி சேருதேன்னு நான் கவலைப்படறதே இல்ல, அந்த 300 மில்லி இனிப்பை சரியான இடத்துக்கு கொண்டு வருது.

புளிப்பு மட்டும் கொஞ்சம் தேவைப்படும். ரெண்டரை லிட்டர்ல அரை லிட்டரை எடுத்துட்டு அதுக்கு பதிலா மாதுளை ஜூஸோ சர்க்கரை போடாத கிரான்பெரி ஜூஸோ ஊத்துங்க, நிறமும் அழகா சிவக்கும், லேசா ஒரு துவர்ப்பு வரும், அந்த துவர்ப்பு இருந்தாதான் ரெண்டாவது கப் கேப்பாங்க. இது கிடைக்கலன்னா கடைசில ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா போதும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்க, உப்பு ருசி தெரியாது, ஆனா கசப்பை அமுக்கும். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் மட்டும் பொதுப் பாத்திரத்துல ஊத்தாதீங்க, கொலஸ்ட்ரால், பிரஷருக்கு எடுக்கற சில மாத்திரைகளோட அது சேராது, வர்றவங்கள்ல யார் என்ன மாத்திரை எடுக்கறாங்கன்னு நமக்கு தெரியாது இல்லையா.

ஆரஞ்சுக்கு வரேன், உங்க கசப்புல பெரிய பங்கு இதோடதுதான். தோலுக்கும் சுளைக்கும் நடுவுல இருக்கற வெள்ளை, அப்புறம் விதை, இது ரெண்டும்தான் கசப்பு, சூட்டுல கிடக்க கிடக்க அது இறங்கிட்டே இருக்கும். நமக்கு வேண்டிய வாசனை வெளில இருக்கற அந்த ஆரஞ்சு நிற மெல்லிய தோல்ல மட்டும்தான் இருக்கு. பீலர் வச்சு வெள்ளை வராம பட்டையா சீவி எடுங்க, ஒரு பழத்துக்கு அஞ்சாறு பட்டை வரும், அதை ஜூஸ் சூடான பிறகு போட்டு பத்து நிமிஷத்துல எடுத்துடுங்க. மீதி பழத்தை பிழிஞ்சு சாறை அதுலயே ஊத்திக்கலாம். அழகுக்கு வட்ட துண்டு வேணும்னா பாத்திரத்துல மிதக்க விடாம ஒவ்வொரு கப்லயும் தனியா போடுங்க, கப் அஞ்சு நிமிஷத்துல காலியாகிடும், கசக்க நேரமே இருக்காது. ஒரு துண்டு தோலை கப்புக்கு மேல வச்சு விரலால மடிச்சு அழுத்தினா பொடிசா எண்ணெய் பீச்சும், வெளிச்சத்துல பாத்தா புகை மாதிரி தெரியும், முதல் வாய்க்கு முன்னாடியே மூக்குக்கு வர்றது அதுதான், செய்ய ரெண்டு செகண்ட் கூட ஆகாது, செஞ்சு பாருங்க.

சூடு பண்றது எப்படின்னா, ஸ்டீல் இல்லன்னா எனாமல் பாத்திரம், அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளை செம்பும் கூடாது, ஜூஸ் புளிப்பு, உலோகத்தை அரிக்கும், ருசியும் மாறும். மிதமான தீயில வைங்க, ஓரத்துல பொடி பொடியா குமிழி வரும், மேல ஆவி பறக்கும், நடுவுல தளதளன்னு கொதி வரக்கூடாது, தெர்மாமீட்டர் இருந்தா 70லேர்ந்து 75 டிகிரி. அப்ப டிகாஷனை மொத்தமா கொட்டாம முக்கால் பாகம் ஊத்தி ருசி பாத்துட்டு மீதியை ஊத்துங்க. கிராம்பு எவ்ளோ வேணும்னு இப்ப உங்க கைல இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணா போட்டா இந்த கண்ட்ரோல் கிடைக்காது.

பண்ணைல புழிஞ்ச, பாஸ்சுரைஸ் பண்ணாத, அதாவது கிருமி சாக சூடு காட்டாத ஜூஸ்னா 70 டிகிரிக்கு மேல ரெண்டு நிமிஷமாவது முழுசா சூடாகணும், கர்ப்பமா இருக்கறவங்க, சின்ன குழந்தைங்க, வயசானவங்க இருக்கற கூட்டத்துல இதை சும்மா விட்டுடக் கூடாது. தேன் சேக்கறதா இருந்தா ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு அதை கொடுக்கக்கூடாது, சூடு பண்ணி இருந்தாலும் கூடாது. ஆல்கஹால் வேணும்ங்கறவங்களுக்கு பாட்டிலை தனியா வேற டேபிள்ல வச்சுடுங்க, அவங்க கப்ல அவங்க ஊத்திக்கட்டும். பாத்திரத்துல கலந்துட்டா குழந்தைங்க, வண்டி ஓட்டறவங்க, குடிக்காதவங்க எல்லாருக்கும் ஒண்ணுமே இல்லாம போயிடும், அது கூட்டத்துக்கு அழகில்ல.

சூடா வச்சிருக்க ஸ்லோ குக்கர் இருந்தா வார்ம்ல போடுங்க. இல்லன்னா நல்ல பெரிய ஃப்ளாஸ்க் அதை விட பெட்டர்னே சொல்லுவேன், முதல்ல கொதிக்கற தண்ணியை ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வச்சு கொட்டிட்டு அப்புறம் ஜூஸை ஊத்தணும், மணிக்கணக்கா சூடு நிக்கும், அடில தீ இல்லாததால ருசியும் மாறாது. 60 டிகிரிக்கு மேல இருக்கற வரைக்கும் கெடற பயம் இல்ல. ஆனா அடுப்புலேர்ந்து நேரா கைல கொடுத்துடாதீங்க, 65 டிகிரிக்கு மேல ரொம்ப சூடா குடிக்கறது உணவுக்குழாய்க்கு நல்லதில்லன்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 2016லயே சொல்லியிருக்கு, கப்ல ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டா வாசனையும் அப்பதான் நல்லா பிரிஞ்சு தெரியும். குழந்தைங்களுக்கு வெதுவெதுப்பா போதும். சாதாரண கண்ணாடி டம்ளர் வேண்டாம், திடீர் சூட்டுல பட்டுனு விரியலாம், பீங்கான் கப்தான் சேஃப்.

அளவு கணக்கு: ஒரு கப் 180 மில்லின்னா பதினஞ்சு பேருக்கு 2.7 லிட்டர், நம்ம கலவை 2.8 வரும், ஆளுக்கு ஒரு கப் சரியா போகும். பாதி பேர் திரும்ப கேப்பாங்கன்னு வச்சுக்கிட்டு இன்னும் ஒன்றரை லிட்டர் ஜூஸ் தனியா வாங்கி வச்சு, அதுக்கேத்த மாதிரி டிகாஷனையும் முதல்லயே ஒன்றரை மடங்கா செஞ்சுக்கோங்க, திறக்காத ஜூஸ் பாக்கெட் எங்கயும் போகாது.

ஜாதிக்காய் பிடிச்சவங்க கப்ல ஊத்தின பிறகு மேல ஒரு துளி துருவிக்கலாம், முழு காயை அப்பவே துருவினாதான் வாசனை, அளவு மட்டும் சிட்டிகையை தாண்ட வேண்டாம், ஜாதிக்காய் ஸ்பூன் கணக்குல உள்ள போனா உடம்புக்கு நிஜமாவே ஆகாது.

மிச்சம் இருந்தா ஆரஞ்சு தோல் எதுவும் உள்ள கிடக்கான்னு பாத்து எடுத்துட்டு, ஆறின உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூணு நாளுக்குள்ள முடிச்சுடுங்க. சூடு பண்ணும்போது முழுசையும் சூடு பண்ணாம குடிக்கற அளவு மட்டும் எடுத்துக்கோங்க. மறுநாள் ஜில்லுனு அப்படியே சோடா கலந்து குடிச்சாலும் அருமையா இருக்கும், டிகாஷன் மட்டும் மிஞ்சினா ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீஸர்ல போட்டுக்கோங்க, ஒரு கப் ஜூஸ் சூடு பண்ணி ஒரு க்யூப் போட்டா போதும்.